முதலமைச்சர் மட்டும் போதுமா?
இலங்கையில் ஒரு மாகாணத்தில் கொள்கை நடைமுறைக்கு வருவது முதலமைச்சரின் ஆளுமையைப் பொறுத்தது என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. 1987 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். நிதி சம்பந்தப்பட்ட நியதிச்சட்டம் (மாகாண சபை இயற்றும் சட்டம்) எதையும் ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் சபையில் கொண்டுவரவே முடியாது. மாகாண அரச ஊழியர்களின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் ஆளுநரிடம். அவரை நியமிப்பவரோ ஜனாதிபதி. நான் மாகாணத் திணைக்களமொன்றில் வேலை செய்தவன். அமைச்சர் கூட்டத்தில் சொன்னதைக் குறித்துக்கொள்வோம், அப்புறம் நிதி எப்போது வரும் என்று கொழும்பைப் பார்த்துக் காத்திருப்போம். அதற்காகத் தலைவர்களைப் பொறுப்பிலிருந்து முழுக்க விட்டுவிடவும் முடியாது. 2013 இல் தெரிவான வடக்கு மாகாண சபை தீர்மானங்களை அடுக்கடுக்காக நிறைவேற்றியது. தீர்மானத்துக்குச் சட்ட வலு கிடையாது, நியதிச்சட்டத்துக்கு உண்டு. நியதிச்சட்டம் வரைவது சிரமமான வேலை, கைதட்டலும் கிடைக்காது. அதில் எவ்வளவு நேரம் செலவிடுவது என்பது தலைவரின் தெரிவுதானே? 2017 ஜூனில் அந்தச் சபையின் அமைச்சர்கள் மீதான விசாரணையும் முதலமைச்சர் மீதான நம்பிக்கையில்லாப் பிரேரணையும் வந்தபோது சபையின் கவனம் நியதிச்சட்டங்களை விட்டு எங்கே போனது என்பதும் தெரிந்ததே. அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் “சபை இல்லாவிட்டாலும் நிர்வாகம் ஓடுகிறதே” என்று எழுதியிருக்கிறார். ஓடியதுதான். 2019க்குள் ஒன்பது சபைகளின் காலமும் முடிந்தபின் ஆளுநர்கள்தான் நடத்தினார்கள். ஆனால் எந்த வீதி முதலில், எந்தப் பாடசாலை முதலில் என்று மக்கள் யாரிடம் கேட்பது?