மனமில்லாமல் பெய்யும் மழை

(இடம்: கிரேக்க நாட்டின் கோர்ஃபு தீவு, பழைய நகரத்தில் ஒரு சிறிய விடுதி அறை. காலம்: செப்டம்பர் கடைசி வாரம், காலை. பாத்திரங்கள்: ஏதென்ஸிலிருந்து கடலில் குளிக்க வந்த கணவர், புத்தகம் படிக்க வந்த மனைவி. ஜன்னலுக்கு வெளியே மழை.)

கணவர்: விட்டுவிட்டது.

மனைவி: (புத்தகத்திலிருந்து தலை நிமிராமல்) விடவில்லை.

கணவர்: நன்றாகப் பார்.

மனைவி: நீ கையை நீட்டிப் பார்.

கணவர்: (நீட்டுகிறார், சட்டையில் துடைத்துக்கொள்கிறார்) பெய்கிறது. ஆனால் மனமில்லாமல் பெய்கிறது.

மனைவி: அறை முழுக்கத் தேங்காய் வாசனை. சன்ஸ்கிரீன் பூசியிருக்கிறாயா?

கணவர்: முன்னேற்பாடு. வெயில் வந்த பிறகு பூச உட்கார்ந்தால் அதற்குள் அது போய்விடும். நாக்ஸோஸ் தீவுக்குப் போகலாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். நீதான் பச்சைப்பசேலென்ற இடம் வேண்டும் என்றாய்.

மனைவி: நேற்று பாலியோகாஸ்ட்ரிட்ஸா போகும் வழியெல்லாம் ஒவ்வொரு மரமாகப் பார்த்து உருகியது யார்?

கணவர்: மரத்தைப் பாராட்டினேன். மழைக்கு அழைப்பு வைக்கவில்லை.

மனைவி: மரம் என்ன, நகராட்சிக் குழாயிலா வளர்ந்தது? மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று அயோனியன் கடலைத் தாண்டி, மலையில் முட்டி, இந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. இங்கே ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல். நம் ஏதென்ஸுக்கு மிச்சம்மீதி ஒரு 400.

கணவர்: அந்த மிச்சம்மீதியிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். எனக்கு ஒரு குறையும் இல்லை.

மனைவி: வெனிஸ்காரர்கள் 1386இல் வந்து 1797வரை நகரவே இல்லை. அவர்களுக்கும் மழை பெய்திருக்கும்.

கணவர்: அவர்கள் அறைக்கு முன்பணம் கட்டிவிட்டு வரவில்லை.

மனைவி: லிஸ்டன் வளைவுகளுக்குக் கீழே போய்க் காப்பி குடி. தலைக்கு மேல் கூரை இருக்கிறது. எதிரே ஸ்பியானாடா திடலில் கிரிக்கெட் ஆடினாலும் ஆடுவார்கள்.

கணவர்: மழையில் ஆட மாட்டார்கள்.

மனைவி: 1823இல் ஆங்கிலேயர்கள் ஆடிக்காட்டிய ஆட்டம். மழை வந்தால் நிறுத்துவதையும் அவர்களிடமே கற்றிருப்பார்கள்.

கணவர்: லிஸ்டன்வரை போகவே குடை வேண்டும். விடுமுறைக்குக் குடை எடுத்து வைப்பது அபசகுனம் என்று வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

மனைவி: ஹோமர் காவியத்து ஒதிஸ்ஸியஸ் கரையொதுங்கியது இந்தத் தீவில்தான் என்று நேற்று படகுக்காரரை விடாமல் பிடித்துவைத்துப் பேசினாயே! அவனுக்கு உடையே இல்லை. நீ குடை இல்லை என்கிறாய்.

கணவர்: அவனுக்கு ராஜகுமாரி துணி கொடுத்தாள். இங்கே கீழே இருப்பவர் துண்டைக்கூடக் கணக்கெழுதித்தான் கொடுக்கிறார்.

(தொலைபேசி ஒலிக்கிறது. கணவர் எடுத்து, "ஆமாம் அம்மா... இல்லை அம்மா... நீ சொன்னாய் அம்மா..." என்று சொல்லிவிட்டு வைக்கிறார்.)

மனைவி: என்னவாம்?

கணவர்: ஏதென்ஸில் நல்ல வெயிலாம். காயப்போட்ட துணி ஒரு மணி நேரத்தில் உலர்ந்துவிட்டதாம். உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

மனைவி: (புத்தகத்தை மூடி) தாவ்லிப் பலகையை எடு. நீ இப்படியே நின்றால் நான் இந்தப் பக்கத்தைத் தாண்டப்போவதில்லை.

(தாவ்லி, பகடை உருட்டிக் காய் நகர்த்தும் கிரேக்கப் பலகை விளையாட்டு. அதில் மூன்று ஆட்டங்கள் மாறி மாறி வரும்: போர்தெஸ், பிளாகோதோ, ஃபேவ்கா. முதல் ஆட்டத்தில் என்ன நடந்தது என்பதைக் கணவரின் மரியாதை கருதி விட்டுவிடுவோம். இப்போது பிளாகோதோ. எதிராளியின் தனிக் காயின்மேல் நம் காயை வைத்துவிட்டால் அது அசைய முடியாது. புறப்படும் வீட்டில் கடைசியாக நிற்கும் காய்க்குத் தாய் என்று பெயர். அது மாட்டினால் இரட்டைத் தோல்வி.)

மனைவி: தாயைத் தனியாக விட்டுவிட்டாய். (தன் காயை அதன்மேல் வைக்கிறார்) முடிந்தது. எனக்கு இரண்டு புள்ளி.

கணவர்: அம்மாவை அமுக்குவதில் உனக்கு இவ்வளவு ஆனந்தமா?

மனைவி: காயைத்தானே சொல்கிறாய்?

கணவர்: காயைத்தான்.

மனைவி: அப்படியானால் ஓரளவு ஆனந்தம்தான்.

(மதியம் கழிகிறது. பகடை மனம் மாறுகிறது. கணவருக்கு இரட்டை ஆறு இரண்டு முறை விழுகிறது. அவர் மழையைப் பற்றிப் பேசி வெகுநேரம் ஆகிறது. புள்ளி சமம், கடைசி ஆட்டம் ஃபேவ்கா.)

மனைவி: வெயில் வந்துவிட்டது.

கணவர்: எங்கே?

மனைவி: வெளியேதான். அல்பேனிய மலைகூடத் தெரிகிறது. எழுந்திரு, குளிக்கப் போகலாம்.

கணவர்: அந்தத் திரையை இழுத்துவிடு. கண் கூசுகிறது, பகடை தெரியவில்லை.

மனைவி: காலையிலிருந்து இதற்குத்தானே தவம் கிடந்தாய்!

கணவர்: வரிசையாக ஐந்து வீடு அடைத்திருக்கிறேன். உன் காய்கள் எல்லாம் பின்னால் கிடக்கின்றன. இந்த நேரத்தில்தான் உனக்குக் கடல் நினைவு வருகிறதா?

மனைவி: தண்ணீர் குளிர்ந்துவிடும்.

கணவர்: கோடை முழுவதும் காய்ந்த கடல். அக்டோபர்வரை தாங்கும். உருட்டு.

மனைவி: நான் தனியாகவே போகிறேன்.

கணவர்: தாராளமாகப் போய் வா. உன் பகடையையும் நானே உருட்டிக்கொள்கிறேன்.

மனைவி: (செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்கிறார்) நீயா? என் பகடையையா? கொடு இங்கே!