கேட்காமல் வந்து ஒட்டிக்கொள்ளும் லைப்ரரிகள்

போன வாரம் நண்பர் ஒருவர் மூலநிரலிலிருந்து (சோர்ஸ்) தான் பில்ட் செய்த டெப் பேக்கேஜ் ஒன்றை, அதாவது டெபியன் வகை லினக்ஸில் நிரலை நிறுவும் கோப்பை, அனுப்பினார். நிறுவினேன், திறக்கவில்லை. லிப்ஜாக் இல்லை என்று பிழை. ஜாக் என்ற ஒலி மென்பொருளின் லைப்ரரி அது; லைப்ரரி என்றால் மற்ற நிரல்கள் பயன்படுத்திக்கொள்ளும் துணைநிரல். "அதை நான் எங்கேயும் கேட்கவே இல்லையே" என்றார். உண்மைதான். பேக்கேஜுக்கு வேறு எவை தேவை என்று சொல்லும் டிபென்ட்ஸ் வரியை அவர் கையால் எழுதியிருந்தார், அதில் ஜாக் இல்லை. ஆனால் எப்போதோ பாட்டுப் பதிவுக்காக அதை அவர் கணினியில் போட்டிருந்தார். பில்டுக்கு முன் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் கான்ஃபிகர் ஓடும்போது அதன் கண்ணில் ஜாக் பட்டது, சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டது.

ஜென்டூ என்ற லினக்ஸ் வகையின் ஆட்கள் இதை 'ஆட்டோமேஜிக்' டிபென்டன்சி (தானாக ஒட்டிக்கொள்ளும் சார்பு) என்பார்கள். இதை வசதி என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். இருந்தால் சேர், இல்லாவிட்டால் விடு என்று எழுதி வைத்தால் ஒரே சோர்ஸிலிருந்து ஆளுக்கொரு நிரல்தான் வரும். கேட்டால் மட்டும் சேர்க்க வேண்டும்; கேட்டது கிடைக்காவிட்டால் பில்ட் அங்கேயே நிற்க வேண்டும்.

சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் யாரோ பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்த விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். தொலைவிலிருந்து கணினிக்குள் லாகின் செய்ய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச்சுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு 'சர்வர் தயார்' என்று ஒரு சேதி சொல்வதற்காக டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் தங்கள் பேட்ச்சில் (தாங்களே செய்த திருத்தத்தில்) அதன் லைப்ரரியான லிப்சிஸ்டம்டியை ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் சேர்த்தன. அது எக்ஸ்இசட்டின் லைப்ரரியான லிப்எல்இசட்எம்ஏவைக் கையோடு கூட்டி வந்தது. அந்த வழியாகத்தான் எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளின் பின்கதவு எஸ்எஸ்ஹெச் வரை போனது. அதை பில்டுக்குள் இழுத்துவிட்ட எம்4 கோப்பு (கான்ஃபிகரை உருவாக்க உதவும் கோப்பு) எல்லோரும் பார்க்கும் கிட் (Git) மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டு டார்பாலில் (சுருக்கிக் கட்டிய கோப்புத் தொகுப்பில்) மட்டும் இருந்தது! லாகின் அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருளாளர் விடாமல் துருவியதால் 2024 மார்ச் 29 அன்று விஷயம் வெளியே வந்தது.

அதே ஆண்டு ஜூலையில் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.8, அந்தச் சேதியை லிப்சிஸ்டம்டி இல்லாமல் தானே அனுப்பிக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. சிஸ்டம்டி 256 வேறு வழியில் போனது: லிப்எல்இசட்எம்ஏவைத் தேவைப்படும்போது மட்டும் டிஎல்ஓபன் செய்கிறது, அதாவது ஓடும்போதே திறந்துகொள்கிறது. அப்படிச் செய்தால், ஒரு நிரலுக்கு எந்த லைப்ரரிகள் தேவை என்று காட்டும் எல்டிடியை ஓட்டினாலும் அந்தப் பெயர் தெரியாது, பேக்கேஜ் செய்பவர் ஏமாந்துபோவார். நல்லவேளையாக, எதையெல்லாம் அப்படித் திறக்கும் என்று பைனரிக்குள்ளேயே (பில்ட் ஆகி வந்த கோப்புக்குள்ளேயே) ஒரு குறிப்பும் எழுதி வைக்கிறார்கள்.

சரி, நண்பரிடம் எஸ்பில்ட் என்ற கருவியை வைத்து, கேட்டவை மட்டும் நிறுவப்படும் வெற்றுச் சூழலில் பில்ட் செய்யச் சொன்னேன். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை, வேறொரு டிபென்டன்சி ஜாக்கை இழுத்து வரலாம். அதனால் ஜாக் வேண்டாம் என்று கான்ஃபிகருக்கும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். மூன்று முறை பில்ட் நின்றதாம், ஒவ்வொரு முறையும் அவர் எழுத மறந்த ஒரு பெயரைக் கேட்டு. நாலாவது முறை வந்த பேக்கேஜ் இப்போது என் கணினியில் திறந்திருக்கிறது.