வடிந்த தண்ணீர் எங்கே போகிறது?

பெருமழை ஓய்ந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: தெருவில் தண்ணீர் வடிந்ததா? வடிந்துவிட்டால் நிம்மதி. அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்ந்தது, எதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில்தான் கோபம்.

மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்று பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கழிவுநீருக்கும் மழைநீருக்கும் தனித்தனிக் குழாய் போட்ட நகரங்களில் மழைநீர் பெரும்பாலும் நேராக ஓடையிலோ ஏரியிலோ ஆற்றிலோதான் விழுகிறது.

மழை பிடித்த முதல் சில நிமிடங்களில் சாலையோர வடிகாலின் கம்பி மூடிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். கன்னங்கரேலென்று தண்ணீர் வரும், மேலே எண்ணெய்ப் படலம் பல நிறத்தில் மினுங்கும். சிகரெட் துண்டு, பிளாஸ்டிக் உறை, நாய்க்கழிவு, கட்டட வேலை நடக்கும் இடத்து மண், பிரேக்கிலிருந்து தேய்ந்து விழுந்த உலோகத் தூள் எல்லாம் அதில் இருக்கும். கொஞ்ச நேரம் போனால் அதே இடத்தில் ஓடுவது ஓரளவு தெளிந்துவிடும். நாள்கணக்கில் சேர்ந்த அழுக்கில் பெரும்பங்கு அந்த முதல் தண்ணீரோடு போய்விட்டது, அவ்வளவுதான்.

அது என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்து ஓடைகளுக்கு முட்டையிடத் திரும்பிவரும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்தாலே முட்டையிடும் முன்பே செத்துக்கொண்டிருந்தன. பல வருடம் காரணம் பிடிபடவில்லை. 2020 டிசம்பரில்தான் ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். டயர் ரப்பர் சீக்கிரம் வெடிப்பு விடாமல் இருக்க 6பிபிடி என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அது ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது. தேய்ந்த டயர்த் தூளோடு மழைநீரில் கலந்து ஓடைக்கு வந்து மீனைக் கொல்கிறது. எந்த ஆலையும் இரவோடு இரவாகக் கழிவைத் திறந்துவிடவில்லை. வண்டிகள் ஓடின, மழை பெய்தது, மீன் செத்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அப்படிக் கொல்லும் சாலை நீரையே மணலும் கம்போஸ்டும் கலந்த மண்ணில் வடியவிட்டுச் சோதித்தபோது, அதில் விட்ட மீன்கள் பிழைத்துக்கொண்டன. வெறும் மண்!

அழுக்கு ஒரு பக்கம் என்றால் அளவு இன்னொரு பக்கம். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். திறந்த நிலமாக இருந்தால் இதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். கான்கிரீட் குடிக்காது. ஊரிலுள்ள கூரை, சாலை, வாகன நிறுத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் தள்ளிவிடும்போது ஓடையின் கரை அறுபடுகிறது. நிலத்தடியிலும் ஊறாததால் அதே ஓடை கோடையில் வறண்டு கிடக்கிறது.

ஆகவே விழுந்த இடத்திலேயே முடிந்தவரை தண்ணீரைத் தேக்கி இறக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. சாலையோரம் தாழ்வான பாத்தி, நடைபாதைக் கல்லில் ஒரு திறப்பு, உள்ளே மணல் கலந்த மண், வேர் ஆழமாக ஓடும் செடிகள். மழைத்தோட்டம் என்பது இதுதான். கொசு வரும் என்று பயப்பட வேண்டாம். முட்டை கொசுவாக ஒரு வாரம்போல ஆகும். சரியாக அமைத்த பாத்தியில் தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிடும்.

ஃபிலடெல்ஃபியா நகரம் 2011இல் இதையே 25 ஆண்டுத் திட்டமாக எடுத்துக்கொண்டது. அங்கே வணிகக் கட்டடங்களுக்கான மழைநீர்க் கட்டணத்தில், எவ்வளவு பரப்பைத் தண்ணீர் இறங்காதபடி மூடியிருக்கிறார்கள் என்பதும் கணக்காகிறது. எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. மூடுகிறவர் செலவில் பங்கெடுக்கட்டுமே.

சரி, பேய்மழைக்கு இதெல்லாம் தாங்குமா? தாங்காது. அதற்குப் பெரிய வடிகாலும் வெள்ளம் தங்க இடமும் வேண்டும்தான். ஆனால் வருடத்தில் பெய்யும் பெரும்பாலான மழை சின்ன மழை. அழுக்கைக் கழுவிக்கொண்டு போக அதுவே போதும்.

அப்புறம் ஒன்று. பாத்தியின் வாயில் வண்டல் அடைத்தால் தண்ணீர் உள்ளே போகாமல் பழையபடி வடிகாலுக்கே ஓடும். திறப்பு விழாவோடு மறந்துபோகும் திட்டங்கள் இப்படித்தான் வீணாகின்றன. வண்டல் அள்ள ஆளும் பணமும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் உங்கள் வார்டு உறுப்பினரிடம் முதலில் கேட்க வேண்டும்.