மீன் பிடித்துக்கொண்டிருந்த கிட்டார்காரர்

பாட்டு யாருக்குச் சொந்தம் என்று இங்கே சண்டை வரும்போதெல்லாம் எனக்கு ஜெர்ரி ரீட் ஞாபகம் வரும். 'ஸ்மோக்கி அண்ட் த பேண்டிட்' என்ற ஹாலிவுட் படத்தில் லாரி ஓட்டுவாரே, அவர்தான். நடிக்க வருவதற்கு முன்னால், அமெரிக்காவின் இசைத்தட்டு நகரமான நாஷ்வில்லில் செஷன் கிட்டார்காரர், அதாவது மற்றவர்களின் பாட்டுப் பதிவுகளுக்குக் கூலிக்கு வாசிப்பவர்.

அங்கே ஒரு செஷன் மூன்று மணி நேரம். அதற்குள் நாலு பாட்டை முடிக்கப் பார்ப்பார்கள். இசைக்கலைஞர்கள் சங்கம் நிர்ணயித்த கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த ஸ்டுடியோவுக்கு ஓட வேண்டியதுதான். இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றாலும் வாசித்தவருக்கு அந்தக் கூலியோடு சரி. எழுதியவருக்குத்தான் விற்க விற்கப் பணம் வரும். ரீட் இரண்டு வேலையும் பார்த்தவர்.

1967 செப்டம்பர், நாஷ்வில்லில் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டுடியோ பி. ரீட் எழுதிப் பாடியிருந்த 'கிட்டார் மேன்' பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாட வந்திருக்கிறார். ஸ்காட்டி மூர், ஹெரால்ட் பிராட்லி என்று அறை முழுக்கப் பெரிய கிட்டார் கலைஞர்கள். ஆனாலும் ரீடின் இசைத்தட்டில் இருந்த சத்தம் வரவே இல்லை. எப்படி வரும்? அவர் நைலான் கம்பி கிட்டாரை வெறும் விரலால் வாசிப்பவர். கட்டைவிரல் கீழே தாளத்தை ஓட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மேல் கம்பிகளைக் கோழி மாதிரி கொத்தும். போதாததற்குக் கம்பிகளின் சுருதியையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருப்பார்.

தயாரிப்பாளர் ஃபெல்டன் ஜார்விஸ் அவரைத் தேடிப் பிடித்தபோது, ஆள் கம்பர்லேண்ட் ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். சவரம் செய்யாத முகத்தோடு அப்படியே வந்து உட்கார்ந்தார். பாட்டு பிடித்துக்கொண்டது.

அப்புறம்தான் விஷயமே. பதிவு முடிந்தபின் எல்விஸ் தரப்பு ஆட்கள் பப்ளிஷிங்கில், அதாவது பாட்டின் உரிமையிலிருந்து வரும் பணத்தில், பங்கு கேட்டார்கள். எல்விஸ் பாடினாலே போதும் என்று பலர் கொடுத்துவந்த பங்குதான் அது. ரீட் முடியாது என்றுவிட்டார். உங்களுக்கும் பணத்தேவை இல்லை, எல்விஸுக்கும் இல்லை, எனக்கும் போதுமான அளவு வருகிறது, பாட்டைப் பதிவு செய்ததையே மறந்துவிடுவோம் என்கிற தொனியில் பதில் சொன்னதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதை வீரக்கதையாகச் சொல்பவர்களோடு எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அடுத்த மாத வாடகைக்கு அல்லாடும் ஒரு பாட்டெழுத்தாளர் இப்படிப் பேசியிருக்க முடியுமா? ரீடுக்கு செஷன் வருமானம் இருந்தது. செட் அட்கின்ஸின் ஆதரவு இருந்தது. அட்கின்ஸே கிட்டார் வாசித்து மேலே வந்து, ஆர்சிஏவின் நாஷ்வில் பிரிவை நடத்தியவர். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சத்தம் இன்னொருவர் கையிலிருந்து வராது என்பதை அன்று அறையில் இருந்த அத்தனை பேரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். பேரத்தை அதற்கு முன்பே பேசியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1968 ஜனவரியில் பாட்டு வெளிவந்தது. அமெரிக்காவின் பில்போர்ட் தரவரிசைப் பட்டியலில் 43-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. எல்விஸ் இறந்து மூன்று வருடம் கழித்து, ஜார்விஸ் அந்தப் பழைய குரலை மட்டும் வைத்துக்கொண்டு புது வாத்தியங்களைச் சேர்த்தார். 1981-இல் கன்ட்ரி இசைக்கான பில்போர்ட் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. கிட்டார் வாசிக்க மறுபடியும் ரீடைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.