ஹபராண்டா ரயிலை நிறுத்தியது தவறு

ஸ்வீடனின் வடகிழக்கு மூலையில், பின்லாந்து எல்லையை ஒட்டி ஹபராண்டா என்று ஒரு சின்ன ஊர். போடன் சந்திப்பிலிருந்து அங்கே போகும் கிளைப் பாதையில் 1992இல் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள். ஆளே ஏறாத ரயிலை எதற்கு ஓட்டுவது என்று கேட்பவர்கள் அந்தப் பாதை எப்படிப் பிறந்தது என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

முதல் உலகப் போரில் பால்டிக் கடல் வழியை ஜெர்மனி அடைத்துவிட்டது. மேற்கே இருந்த கூட்டாளி நாடுகளோடு ரஷ்யாவுக்கு ஆளும் தபாலும் போய்வர மிஞ்சிய தரைவழி ஏறக்குறைய இது ஒன்றுதான். பின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. எல்லையாக ஓடும் ஆற்றின் அக்கரையில், பின்லாந்துப் பக்கம் இருக்கும் டோர்னியோ ஊருக்கு 1903லேயே ரயில் வந்துவிட்டது, இக்கரையில்தான் பாதை முடியவில்லை. 1915 தொடக்கத்தில் இக்கரையில் இருக்கும் கருங்கி என்ற ஊர் வரை, அப்புறம் சில மாதங்களில் ஹபராண்டா வரை தண்டவாளம் வந்து சேர்ந்தது. ஆனால் ஆற்றின் மேல் ரயில் பாலம் கிடையாது, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டிகள்தான். படுகாயமுற்ற போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் இந்த வழியாகத்தான் பரிமாறிக்கொள்ளப்பட்டார்கள். அத்தனை பேரும் ஊர் திரும்ப வழி கொடுத்த பாதை இது. 1917 ஏப்ரலில் லெனினும் இங்கே இறங்கி, சறுக்கு வண்டியில் ஆற்றைக் கடந்து, டோர்னியோவில் ரயிலேறித்தான் அன்றைய ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராட் போனார்.

பாலம் வந்தது 1919இல், போர் முடிந்த பிறகு. ஸ்வீடன் தண்டவாள அகலம் 1435 மி.மீ., பின்லாந்தில் ரஷ்யர்கள் விட்டுப்போன 1524. வித்தியாசம் 89 மி.மீ. மட்டுமே என்பதால் ஒரு தண்டவாளத்தைப் பொதுவாக வைத்து மூன்றாகப் போட முடியாது, இடம் போதாது. அதனால் நான்கு தண்டவாளங்களைப் பின்னிப் போட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ரயில்வே வேலைகளில் இது ஒன்று.

இவ்வளவு பார்த்த பாதையை அமைதியான காலத்து டிக்கெட் வசூலை மட்டும் வைத்து எடைபோட்டது எனக்குக் கோபத்தைத் தருகிறது. எல்லையோரப் பாதையின் அருமை நெருக்கடி வரும்போதுதான் தெரியும். 2006இல் ஐக்கியா என்ற பெரிய மரச்சாமான் கடையே நம்பி அங்கே வந்தது, பயணிகள் ரயில் வரவில்லை. காலிக்ஸ் வழியாகப் புது மின்பாதை போட்ட பிறகும் காத்திருந்து, 2021 ஏப்ரலில்தான் திரும்ப ஓடியது. சரி, வந்தவரைக்கும் சந்தோஷம். ஆனால் அதுவும் ஹபராண்டாவோடு நின்றது. இப்போது இரண்டு நாடுகளும் நேட்டோவில் இருக்கின்றன, பாலமும் நான்கு தண்டவாளங்களும் தயாராக இருக்கின்றன. டோர்னியோ வரை பயணிகள் ரயிலை விடுங்கள், அதில் ஏறப்போகிறவர்களின் எண்ணிக்கையை முதல் வருடத்திலேயே எண்ண உட்காராதீர்கள்.