தோட்டத்துப் பணிவும் கிறிஸ்துவின் தாழ்மையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ரப்பர் மரங்கள் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனால் தோட்டத்தை ஆண்ட துரை, கணக்கெழுதிய கிராணி, ஆள்களை மேற்பார்த்த கங்காணி, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர் என்று அக்காலத்தில் வகுத்து வைத்த மேல் கீழ் இன்னும் நம் மனத்தை விட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அது நம்மோடு ஆலயத்துக்கும் வருகிறது என்பது நெடுநாளாக என்னை வருத்துகிறது.

முன்வரிசை இன்னாருக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மின்விசிறியிலும் ஒலிபெருக்கியிலும் கொடுத்தவரின் பெயர் இருக்கிறது. செயற்குழுவுக்குத் தெரிவாகாதவர் மாதக்கணக்கில் ஆராதனைக்கு வருவதில்லை. பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குப் பாதபடியண்டையில் இடமும் கொடுப்பதை யாக்கோபு தம் நிருபத்தில் கண்டித்ததை நாம் படிக்காதவர்கள் அல்லர். சபையில் முதன்மையாயிருக்க விரும்பிய தியோத்திரேப்புவை யோவான் பெயர் சொல்லியே எழுதினார்; அவன் வெளியே இருந்த பகைவன் அல்லன், உள்ளே இருந்துகொண்டு சகோதரரை வெளியே தள்ளியவன்.

இதற்கு மருந்தாக, 'நாம் ஒன்றுக்கும் உதவாதவர்கள்' என்பதையே பிரசங்கங்களில் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். நம் மக்களுக்கு அந்த மருந்து பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. துரையையோ உத்தியோகஸ்தரையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். அந்த இறக்கம் பயத்தால் வந்தது. அதைத் தாழ்மை என்று சொல்வது நம் பாட்டன் பூட்டனுக்குச் செய்கிற அநியாயம். அப்படி இறங்க வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று படித்து, வீடு வாங்கி, எங்காவது ஓரிடத்தில் தங்களுக்காக மற்றவர் எழுந்து நிற்கமாட்டார்களா என்று ஏங்குகிறார்கள். அந்த இடம் பல வேளைகளில் சபையாகிவிடுகிறது. ஆறாத அவமானம் பெருமையாகத் தலையெடுக்கிறது. அதன் தலையில் இன்னும் குட்டினால் அது ஆறாது.

யோவான் 13ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்தால், இயேசு சீலையை அரையில் கட்டுவதற்கு முன் வருகிற வசனம் கண்ணில் படும். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்ததையும், தாம் தேவனிடத்திலிருந்து வந்ததையும், தேவனிடத்திற்குப் போவதையும் அறிந்தே அவர் எழுந்து சீஷருடைய கால்களைக் கழுவினார். தாம் யார் என்பதில் ஐயமில்லாதவர் என்பதால், குனிந்ததில் அவருக்கு எதுவும் குறைந்துவிடவில்லை. பிதாவின் பிள்ளை நான் என்ற நிச்சயம் இல்லாதவன் எவ்வளவு குனிந்தாலும், யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் குனிவான்.

அண்மையில் எங்கள் சபையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆராதனை முடிந்து மண்டபத்தில் தே ஓ என்கிற பால் சேர்க்காத தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சபைச் செயலாளர் ஓர் இளைஞனை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். பின்பக்கக் குழாயடியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, ஆயுள் முழுவதும் பால்மரம் வெட்டியவர், ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து, "தம்பி, அந்தப் பிள்ளைகிட்ட நீங்க பேசினது சரியில்லைப்பா" என்றார். செயலாளர் படித்தவர், நல்ல பதவியில் இருப்பவர். முகம் சிவந்துவிட்டது. சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "சரிங்க பாட்டி" என்று சொல்லி, வாசலுக்குப் போய்விட்ட அந்தப் பையனைத் தேடிச் சென்றார். அவர் ஜெபத்தில் தம்மை எத்தனையோ முறை பாவி என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவற்றைவிட இந்த இரண்டு சொற்களையே நான் நம்புகிறேன்.

அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்ததாகக் கலாத்தியர் நிருபம் சொல்கிறது. அதே பேதுரு தம் இரண்டாம் நிருபத்தில் பவுலைப் 'பிரியமான சகோதரன்' என்றே குறிப்பிடுகிறார். நமக்குக் கீழே என்று நாம் எண்ணுகிறவரிடமிருந்து திருத்தத்தை வாங்கிக்கொள்வதே தாழ்மை வளருகிற வழி என்று நம்புகிறேன். ஆகவே, வருகிற சபைக் கூட்டத்தில் இரண்டு காரியங்களைக் கேட்கப் போகிறேன்: இனி வாங்கும் பொருள்களில் கொடுத்தவர் பெயரை எழுத வேண்டாம்; கோப்பை கழுவுகிற கூட்டத்திலிருந்து ஒருவரையாவது செயற்குழுவுக்குத் தெரிவு செய்வோம்.