பால் ஜான்சன்: ஆளைத் தடுக்காமலே தோற்கடிக்கத் தெரிந்த கோச்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் சிறந்த கோச் யார் என்ற பேச்சு வந்தால் நிக் சேபன், அர்பன் மேயர் என்றுதான் ஆரம்பிப்பார்கள். கோப்பையை எண்ணினால் சரிதான். கையில் கிடைத்த ஆட்களை வைத்துக்கொண்டு யார் அதிகம் சாதித்தார் என்று கேட்டால் என் பதில் பால் ஜான்சன். 'ஹைஸ்கூல் ஆட்டம் ஆடுகிறார், பெரிய இடத்தில் எடுபடாது' என்று கடைசிவரை அவரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அநியாயமான பேச்சு அது. ஏன் அநியாயம் என்று புரிய, அவர் ஆடவைத்த ஆட்டத்துக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

முதலில் ஒரே ஒரு விதி. பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற 4 வாய்ப்பு. முன்னேறிவிட்டால் மறுபடி 4. முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

இரண்டு பக்கமும் 11 பேர். வழக்கமான ஓட்ட ஆட்டத்தில் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவர், அதை ஓடுபவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். ஓடுபவரையும் அவரையும் கழித்தால், எதிராளிகள் ஓடுபவரைப் பிடிக்காமல் தடுக்க மிஞ்சுவது 9 பேர். எதிரில் இருப்பது 11 பேர். இந்தக் கணக்கில் ஜெயிக்க வேண்டுமென்றால் உன் ஆள் ஒவ்வொருவரும் எதிராளியைவிடப் பலசாலியாக இருக்க வேண்டும். அலபாமா மாதிரிப் பெரிய கல்லூரி அணிக்கு அப்படி ஆள் கிடைக்கும். அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரியான அமெரிக்கக் கடற்படை அகாடமிக்குக் கிடைக்காது.

ஜான்சனின் டிரிபிள் ஆப்ஷன் இந்தக் கணக்கையே மாற்றுகிறது. எதிரணியில் இரண்டு பேரை வேண்டுமென்றே யாரும் தொடாமல் விட்டுவிடுவார்கள். அந்த இரண்டு பேரையும் குவார்ட்டர்பேக் தன் கண்ணாலேயே சமாளிக்க வேண்டும்.

நிற்கும் விதம் இப்படி: முன்வரிசையில் 5 லைன்மேன், ஒருவருக்கொருவர் மூன்றடி அளவுக்கு இடைவெளி விட்டு. பந்துக்கு நேர் பின்னால் குவார்ட்டர்பேக். அவருக்குப் பின்னால் நாலைந்து யார்டில் பி-பேக், உடம்பு கனத்த ஆள். வரிசையின் இரண்டு ஓரத்திலும் சற்றுப் பின்தள்ளி ஏ-பேக் இருவர், வேகக்காரர்கள். இரண்டு கோடியிலும் பாஸ் பிடிக்கும் ரிசீவர்கள். பந்து கிளம்புவதற்குச் சற்று முன்னரே ஒரு ஏ-பேக் பின்பக்கமாக மறுபுறம் ஓட ஆரம்பிப்பார்.

பந்து கைக்கு வந்ததும் குவார்ட்டர்பேக் அதைப் பின்னால் நீட்டி, பாய்ந்து வரும் பி-பேக்கின் வயிற்றில் வைப்பார். ஆனால் விட்டுவிட மாட்டார். இரண்டு பேர் கையிலும் பந்து இருக்கும் அந்தக் கண நேரத்தில் அவர் பார்ப்பது தொடாமல் விடப்பட்ட முதல் ஆளை. அந்த ஆள் பி-பேக் மேல் பாய்ந்தால் பந்தை உருவிக்கொள்ள வேண்டும். பாயாமல் குவார்ட்டர்பேக்கையே பார்த்து நின்றால் பந்தை பி-பேக்கிடம் விட்டுவிட வேண்டும். உருவிக்கொண்டால் அடுத்து இரண்டாவது ஆள். அவருடைய உள்தோளைக் குறிவைத்து நேராக ஓட வேண்டும். அவர் தன்மேல் வந்தால், நாலைந்து யார்டு வெளியே கூடவே ஓடிவரும் ஏ-பேக்கிடம் பந்தை வீசிவிட வேண்டும். ஏ-பேக் பக்கம் விலகிப் போனால் தானே ஓட வேண்டும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். குவார்ட்டர்பேக், பி-பேக், பந்துக்காக ஓடும் ஏ-பேக் போக மிச்சம் 8 பேர் தடுக்கலாம். எதிரணியில் கண்ணால் கழித்த இரண்டு பேர் போக 9 பேர். அந்த ஒன்பதாவது ஆள் பெரும்பாலும் மறுகோடியில், ஓடி வந்து சேர முடியாத தூரத்தில் நிற்பார். ஏறக்குறைய சரிசமம். அதிலும் அந்த லைன்மேன்கள் 300 பவுண்டு ஆளோடு மார்போடு மார்பு மோத வேண்டியதில்லை. தாழ்ந்து காலை மறித்தால் போதும்.

எங்கே கெடும்? முதலில், அந்த வயிற்றில் பந்து வைக்கும் இடம். பி-பேக் பந்தை இறுக்கிப் பிடித்தால் உருவ முடியாது. தளர்வாக விட்டால் கீழே விழும். குவார்ட்டர்பேக் முடிவெடுக்க அரை நொடி தாமதித்தாலும் பந்து தரையில்தான். அடுத்தது எதிரணியின் தந்திரம். முதல் ஆள் பி-பேக் மேல் பாய்வார், அவருக்குப் பின்னால் இரண்டாம் வரிசையில் இருக்கும் லைன்பேக்கர் சுற்றி வந்து குவார்ட்டர்பேக்கைப் பிடிப்பார். பார்த்தது ஒன்று, வந்தது வேறொன்று. இரண்டாவது ஆள் வரவும் செய்யாமல் விலகவும் செய்யாமல் பின்வாங்கிக்கொண்டே நேரம் கடத்துவதும் உண்டு. அனுபவம் இல்லாத பையன் தயங்குவான். அதற்குள் மற்றவர்கள் வந்து சூழ்ந்துவிடுவார்கள்.

ஜான்சனின் உண்மையான திறமை இங்கேதான். ஒவ்வொரு முறையும் எந்த ஆட்டம் ஆடுவது என்று அவரே முடிவு செய்து சொன்னார். லைன்பேக்கர் சுற்றி வருகிறார் என்று தெரிந்தால், அடுத்த முறை அவரைத் தடுக்கத் தனியாக ஆள் போகும். ஓட்டத்தை நிறுத்தப் பின்வரிசைக்காரர்கள் முன்னேறி வந்தால் தலைக்கு மேல் நீளமாக ஒரு பாஸ். 2009-இல் அவர் கோச்சாக இருந்த ஜார்ஜியா டெக் கல்லூரி அணியில் ரிசீவர் டெமேரியஸ் தாமஸ் பிடித்தது 46 பாஸ்தான். அதில் கிடைத்தது 1,154 யார்டு. 'பாஸ் போடத் தெரியாத அணி' என்று சொன்னவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்தார்களா தெரியவில்லை.

ஜான்சன் கல்லூரி அளவில் ஆடியவரே இல்லை. ஜார்ஜியா சதர்ன் கல்லூரியில் தலைமை கோச் எர்க் ரஸ்ஸலிடம் அஃபென்ஸ் (பந்து கையில் இருக்கும்போது ஆடும் ஆட்டம்) பொறுப்பில் இருந்தபோது 1985, 1986 இரண்டு வருடமும் அந்த அணி ஒன்று-ஏஏ என்ற இரண்டாம் நிலைப் பிரிவில் சாம்பியன். பிறகு ஹவாய், கடற்படை அகாடமி. 1997-இல் ஜார்ஜியா சதர்னுக்கே தலைமை கோச்சாகத் திரும்பி, ஐந்து சீசனில் 62 வெற்றி, 10 தோல்வி, 1999-இலும் 2000-இலும் சாம்பியன் பட்டம்.

2002-இல் அவர் கடற்படை அகாடமிக்குத் தலைமை கோச்சாகப் போனபோது அந்த அணி முந்தைய இரண்டு சீசனில் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். அங்கே சேரும் மாணவர் படிப்பு முடிந்ததும் குறைந்தது ஐந்து வருடம் ராணுவப் பணி செய்தாக வேண்டும். தொழில்முறை ஆட்டக் கனவோடு இருக்கும் பையன் வர மாட்டான். முதல் சீசன் 2-10, அதாவது 2 வெற்றி, 10 தோல்வி. மூன்றாவது சீசன் 10-2.

அந்த 2004 சீசன் முடிவில் சான் பிரான்சிஸ்கோவில் எமரால்டு பவுல் (சீசன் முடிந்தபின் தேர்ந்த அணிகளுக்கு நடத்தும் சிறப்பு ஆட்டம்தான் பவுல்), எதிரில் நியூ மெக்சிகோ. தன் பக்கத்து எல்லைக்கு ஒரு யார்டு தூரத்திலிருந்து தொடங்கிய கடற்படை 26 பிளே (பந்து ஒவ்வொரு முறை கிளம்புவதும் ஒரு பிளே), 94 யார்டு, 14 நிமிடம் 26 நொடி பந்தை விடவே இல்லை. ஒரு குவார்ட்டரே 15 நிமிடம்தான்! கடைசியில் கிடைத்தது பந்தை உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோலுக்கான 3 புள்ளி. ஆனால் அதற்குள் நியூ மெக்சிகோவுக்கு ஆட்ட நேரம் பெரிதாக மிஞ்சவில்லை. 34-19. பலவீனமான அணி பலமான அணியோடு மோதும்போது எதிராளிக்குப் பந்து கிடைக்கும் தடவைகளைக் குறைப்பதுதான் வழி. 2007-இல் நோட்ர டேமை அவர்கள் ஊரிலேயே மூன்று ஓவர்டைமில் 46-44 என்று வென்றார்கள். அதற்குமுன் 1963-க்குப் பிறகு தொடர்ந்து 43 தோல்வி.

2008-இல் ஜார்ஜியா டெக். முதல் வருடமே பரம எதிரி ஜார்ஜியா பல்கலைக்கழகத்தை அவர்கள் ஊரான ஏதென்ஸில் 45-42 என்று வென்றார்கள். எதிரணி குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்ட், அடுத்த வருடம் தொழில்முறை லீகான என்எஃப்எல் அணிகள் ஆள் தேர்ந்தெடுத்த டிராஃப்டில் முதல் ஆள். டெக் அன்று ஓடியே எடுத்தது 409 யார்டு. 2009-இல் கிளெம்சனை வென்று, டெக் ஆடும் கல்லூரிக் கூட்டமைப்பான ஏசிசியின் பட்டம். ஒரு வீரர் வாங்கியதாகச் சொல்லப்பட்ட 312 டாலர் துணிமணி விவகாரத்தையும் கல்லூரி அதைக் கையாண்ட விதத்தையும் வைத்து அந்தப் பட்டத்தைப் பிறகு பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். 2014 சீசனில் ஆரஞ்சு பவுலில் மிசிசிப்பி ஸ்டேட்டை 49-34.

குறை இல்லையா? இருக்கிறது. எதிரணிக்கு நாலு நாள் பயிற்சி மட்டும் கிடைத்தால் டிரிபிள் ஆப்ஷனுக்குத் தயாராவது கஷ்டம். பவுல் ஆட்டத்துக்கு முன் கிடைப்பதுபோல் ஒரு மாதம் கிடைத்தால் அவ்வளவு கஷ்டமில்லை. டெக்கில் முதல் நான்கு பவுல் ஆட்டமும் தோல்வி. இரண்டு டச் டவுன் (பந்தோடு எதிரணி எல்லையைக் கடந்து எடுக்கும் பெரிய ஸ்கோர்) பின்தங்கிவிட்டால் நேரத்தைத் தின்னும் இந்த ஆட்டம் அவர்களையே தின்னும். எதிராளியைக் கையால் பிடித்து நிறுத்தியதற்காக ஒரே ஒரு ஹோல்டிங் பெனால்டி வந்து 10 யார்டு 20 யார்டாகிவிட்டால் மூன்று நாலு யார்டாக எடுத்துச் சேர்க்க முடியாது. ஜார்ஜியாவிடம் 11 ஆட்டத்தில் 3 வெற்றிதான். மூன்றும் ஏதென்ஸில்; சொந்த ஊர் அட்லாண்டாவில் ஒன்றுகூட இல்லை. இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 'இந்த ஆட்டத்தால்தான் நல்ல ஆட்கள் வரவில்லை, மாற்றினால் டெக் எங்கேயோ போய்விடும்' என்ற வாதம்? 2018-உடன் ஜான்சன் ஓய்வு பெற்றார். புது கோச் வந்து வழக்கமான பாணிக்கு மாற்றினார். 3-9, 3-7, 3-9. நாலாவது சீசனில் 1-3 என்று இருக்கும்போதே அவரை அனுப்பிவிட்டார்கள். ஆப்ஷனுக்காகச் சேர்த்த லைன்மேன்களை வைத்து ஒரே வருடத்தில் பாஸ் ஆட்டம் ஆட முடியாது என்பதும் உண்மைதான். அது முதல் வருடத்துக்குச் சரி. மூன்றாவது வருடத்துக்கு?

ஜான்சனை 2023-இல் கல்லூரி ஃபுட்பாலின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அவர் தலைமை கோச்சாக இருந்த மூன்று இடத்திலும் உதவியாளராக இருந்த ஜெஃப் மாங்கன்தான் இப்போது ஆர்மி (அமெரிக்கத் தரைப்படை அகாடமி) கோச். இடுப்புக்குக் கீழே தடுப்பதற்கான விதி 2022-இல் இறுகியதும், 2023-இல் ஆர்மி, குவார்ட்டர்பேக் பந்துக்குச் சில யார்டு பின்னால் நிற்கும் ஷாட்கன் பாணிக்கு மாறிப் பார்த்தது: 6-6. அடுத்த வருடம் குவார்ட்டர்பேக்கைப் பழையபடி பந்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள்: 12-2, அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பில் சேர்ந்த முதல் வருடமே அதன் பட்டம்.

ஆர்மி ஆட்டம் பார்க்கக் கிடைத்தால் பந்தைத் துரத்தாதீர்கள், கேமராமேனே பல தடவை ஏமாந்துவிடுவார். முன்வரிசை ஓரத்தில் யாரும் தொடாமல் நிற்கும் எதிரணிக்காரரை மட்டும் பாருங்கள். அவர் உள்ளே திரும்பினால் பந்து வெளியே போகும். நின்றால் நடுவில் பி-பேக்கிடம்.